கேட்கக் கூடாத கேள்வி

எடின்பராவில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான உதவி மையம் ஒன்று உண்டு. அங்கே உதவி நாடி வந்த ஒருவர் ஒரு கேள்வி கேட்டார்: தன்னோடு உட்கார்ந்து பேசப்போகிறவர் ஆணா, பெண்ணா? அந்தப் பணியாளரோ தம்மை ஆண், பெண் இரண்டிலும் சேர்த்துக்கொள்ளாதவர். பதில் எழுத வேண்டிய ஆலோசகர், ‘பிறப்பால் பெண்’ என்ற உண்மையைச் சொல்லிவிடலாமா என்று மேலிடத்தில் கேட்டார். கேட்டதே வினையாயிற்று. அவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை வந்தது. கடைசியில் வேலையை விட்டே போனார். அது தானாக எழுதிய ராஜினாமா ஆகாது, நிர்வாகமே அவரை வெளியேற வைத்தது என்று 2024 மே மாதம் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் முடிவு சொன்னது.

உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தால் கேட்டவரின் கவலை அன்றைக்கே தீர்ந்திருக்கக்கூடும். அந்தக் கேள்வியே ஒரு வெறுப்புச் செயல்போல் நடத்தப்பட்டதுதான் இங்கே யோசிக்க வைப்பது.

இதற்குப் பின்னால் ஸ்காட்லாந்தில் ஒரு பெரிய சட்டப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. பிரிட்டனின் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவரின் மாறிய பாலினத்தைச் சட்டம் ஏற்பதற்கான பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற மருத்துவர் சான்று வேண்டும். இரண்டாண்டுகள் அந்தப் பாலினத்தில் வாழ்ந்திருக்க வேண்டும். முகம் தெரியாத ஒரு குழு கோப்பைப் பார்த்து ஒப்ப வேண்டும். தன் வாழ்க்கையை ஒரு நோயாக எழுதிக் காட்டினால்தான் அரசு நம்பும் என்பது திருநர்களுக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. மருத்துவர் சான்றை நீக்கி, வயது வரம்பை 18இலிருந்து 16ஆக்கி, வாழ்ந்திருக்க வேண்டிய காலத்தைப் பெரியவர்களுக்கு மூன்று மாதமாகக் குறைத்த மசோதாவை ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2022 டிசம்பர் 22 அன்று 86க்கு 39 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. அடுத்த மாதமே லண்டன் அரசு, 1998ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துச் சட்டத்தின் 35ஆவது பிரிவை வரலாற்றில் முதன்முறையாகப் பயன்படுத்தி அதை நிறுத்திவைத்தது.

அந்த மசோதா மீதான விவாதத்தின்போது ஒரு திருத்தம் வந்தது. வன்புணர்வுக் குற்றச்சாட்டில் வழக்கு நடந்துகொண்டிருக்கும் ஒருவர் சான்றிதழ் கேட்டால், வழக்கு முடியும்வரை அந்த விண்ணப்பத்தை நிறுத்திவைக்கலாம் என்பது அதன் சாரம். கொண்டுவந்தவர் ஆளுங்கட்சியைச் சேர்ந்த பெண் உறுப்பினர்தான். அவை அதை நிராகரித்தது. குற்றம் நிரூபணமாகாத ஒருவரின் உரிமையை முடக்கலாமா என்ற எதிர்வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவரை வழக்கு முடியும்வரை பணியிடை நீக்கம் செய்வதையும், சாட்சிகளின் பக்கம் போகக் கூடாது என்று ஜாமீனில் நிபந்தனை போடுவதையும் எந்த நாடும் அநீதியாக எண்ணுவதில்லை.

மசோதா நிறைவேறிய மறுமாதம், 2023 ஜனவரியில், கிளாஸ்கோ உயர் நீதிமன்றம் இரண்டு பெண்களை வன்புணர்ந்த ஒருவரைக் குற்றவாளி எனத் தீர்த்தது. குற்றங்கள் நடந்தபோது ஆணாக வாழ்ந்தவர் அவர். வழக்கு வந்தபின் தம்மைப் பெண் என்று அறிவித்தவர். அவரைக் கார்ன்டன் வேல் பெண்கள் சிறைக்குக் கொண்டுபோனார்கள். மற்றக் கைதிகளிடமிருந்து பிரித்தே வைத்திருந்தார்கள் என்றாலும் நாடு கொதித்தது. சில நாட்களுக்குள் ஆண்கள் சிறைக்கு மாற்றினார்கள்.

இரு தரப்பும் இந்த வழக்கைத் தங்களுக்குச் சாட்சியாக இழுத்தார்கள். பார்த்தீர்களா, சுய அறிவிப்பே போதும் என்று வந்தால் இதுதான் நடக்கும் என்றார்கள் எதிர்த்தவர்கள். ஆனால் மசோதா அப்போது சட்டமாகவே ஆகியிருக்கவில்லை. கைதி தம்மை எப்படி அறிவிக்கிறாரோ அதையே தொடக்கப்புள்ளியாகக் கொள்ளும் வழக்கம் சிறைத் துறையில் 2014இலிருந்தே இருந்தது. இங்கிலாந்தில் 2017இல் வேக்ஃபீல்டுக்கு அருகே ஒரு பெண்கள் சிறையில், அப்படி அனுப்பப்பட்ட ஒருவர் சக கைதிகளிடம் பாலியல் அத்துமீறல் செய்து பின்னர் தண்டனை பெற்றபோதும் அவர் கையில் சான்றிதழ் இல்லை. சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒன்றை, நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட ஓர் அலுவலகச் சுற்றறிக்கை நடைமுறையாக்கிவிட்டது. விவாதம் முழுக்கச் சான்றிதழைச் சுற்றியே நடந்தது; கதவோ வேறிடத்தில் திறந்து கிடந்தது.

ஆதரித்தவர்களின் வாதம் வேறு. ஸ்காட்லாந்தின் 2022 மக்கள்தொகைக் கணக்கில் திருநர்கள் என்று பதிவானவர்கள் 19,990 பேர். பதினாறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 0.44 சதவீதம். ஒருவர் செய்த குற்றத்தை இத்தனை பேர் தலையிலும் கட்டலாமா? பெண்ணைத் தாக்குகிறவன் பெரும்பாலும் அவள் வீட்டுக்குள்ளேயே இருப்பவன், அல்லது அவளுக்கு நன்கு தெரிந்தவன். அவனுக்கு எந்தச் சான்றிதழும் தேவைப்படுவதில்லை. இதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆண்கள் சிறையில் அடைக்கப்படும் திருநங்கைக்கு என்ன நேரும் என்ற கேள்வியையும் யாரும் எளிதில் தட்டிவிட முடியாது.

ஆனாலும் இந்த வாதம் ஓரிடத்தில் சறுக்குகிறது. காப்பு விதிகள் யாருடைய குணத்தையும் சந்தேகித்து எழுதப்படுபவை அல்ல. ஸ்காட்லாந்தில் குழந்தைகளோடு பணிபுரிகிறவர்களின் பின்னணியைச் சரிபார்க்க 2007இல் ஒரு சட்டம் வந்தது. நாற்பது வருடம் அப்பழுக்கில்லாமல் பாடம் நடத்திய ஆசிரியைக்கும் அதே படிவம், அதே சோதனைதான். என்னையா சந்தேகிக்கிறீர்கள் என்று அவர் கோபித்துக்கொள்வதில்லை. நூறு பேரில் தவறான ஒருவர் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால்தான் நூறு பேருக்கும் விதி. தன்னைப் பற்றி ஒருவர் சொல்லும் சொல்லை மட்டுமே ஆதாரமாக ஏற்று, அதைச் சரிபார்ப்பதையும் தடுக்கும் ஏற்பாடு இந்த அடிப்படையையே கழற்றிவிடுகிறது. அப்போது முதலில் உள்ளே வருகிறவர் உண்மையான திருநங்கையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. அந்த ஏமாற்றின் பழியும் கடைசியில் திருநங்கைகள் மேல்தான் விழும்.

பெண்களின் அச்சம் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அச்சம் எதிரே நிற்பவரின் குற்றத்துக்குச் சாட்சி ஆகாது. கடைத்தெருவில், பேருந்தில், அலுவலகத்தில் ஒருவரை ஒதுக்கிவைக்க அது போதிய காரணமும் அல்ல. ஆனால் வன்புணர்வு உதவி மையம் இருப்பதே அந்த அச்சத்துக்காகத்தான். எலும்பு முறிந்தவரிடம் வலியைப் பாராட்டாதே என்று வைத்தியசாலை சொல்ல முடியாது. எடின்பரா மையத்தைப் பற்றி 2024 செப்டம்பரில் வெளியான ஆய்வறிக்கை, பெண்களுக்கு மட்டுமான இடத்தைப் பாதுகாக்க அது தவறிவிட்டது என்றது. உதவி தேடி வந்தவர்களைவிடக் கொள்கைக்கு முதலிடம் கொடுத்த நிர்வாகம் வேறெங்கே போய் முடியும்?

பின்னர் நீதிமன்றத்தின் முறை வந்தது. அரசு வாரியங்களில் பாதி இடம் பெண்களுக்கு என்ற 2018ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘பெண்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று தொடங்கிய வழக்கு, 2025 ஏப்ரல் 16 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’ என்பது பிறப்புப் பாலையே குறிக்கும் என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். திருநர்களுக்குப் பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்பு அதே சட்டத்தில் தொடர்கிறது என்றும், இதை ஒரு தரப்பின் வெற்றியாகக் கொண்டாட வேண்டாம் என்றும் சேர்த்தே சொன்னார்கள். நீதிமன்ற வாசலிலேயே ஷாம்பெயின் திறக்கப்பட்டது.

சொல்லுக்குப் பொருள் கிடைத்துவிட்டது. நடைமுறைச் சிக்கல் தீரவில்லை. தாடி வைத்த திருநம்பி ஒருவர் பிறப்பால் பெண். அவரைப் பெண்கள் அறைக்கு அனுப்பினால் அங்கிருப்பவர்கள் திடுக்கிடுவார்கள். அவரது தோற்றம் காரணமாகச் சில சூழல்களில் அங்கேயும் அவரை அனுமதிக்காமல் இருக்கலாம் என்று தீர்ப்பே ஒப்புக்கொள்கிறது. அப்படியானால் அவர் எங்கே போவார்? முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்ட, குரல் தடித்த பெண்ணைக் கதவில் நிறுத்தி விசாரிக்கும் உரிமையை யார் யாருக்குக் கொடுத்தது? பொதுக் கழிப்பறையில் உள்ளிருந்து தாழிடக்கூடிய தனித்தனி அறைகளைக் கட்டினால் இவற்றில் பாதிக்கு விடை கிடைத்துவிடும். அதற்குப் பணம் வேண்டும். பணம் ஒதுக்குவதைவிட ஆண்டுக்கணக்கில் வழக்காடுவது அரசுகளுக்கு எளிதாக இருக்கிறது போலும்.

சிறையையும் பாலியல் வன்முறை உதவி மையத்தையும் கழிப்பறையோடு ஒரே தட்டில் வைத்து நிறுக்கவும் முடியாது. கழிப்பறையிலிருந்து வெளியே வந்துவிடலாம். சிறைக்குள் இருக்கும் பெண் தன்னோடு யார் இருப்பது என்று தேர்ந்தெடுக்க முடியாதவள். பெண்கள் சிறைகளில் இருப்பவர்களில் பலர் ஏற்கெனவே ஆண்களின் வன்முறையைச் சந்தித்தவர்கள். வெளியேற முடியாத இடத்தில், காப்பு எவ்வளவு வேண்டும் என்பதை உள்ளே இருப்பவரின் நிலையிலிருந்துதான் அளக்க முடியும். 2023 டிசம்பரில் ஸ்காட்லாந்துச் சிறைத் துறை தன் விதியைத் திருத்தியபோது இந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தது. பெண்களுக்கு எதிரான வன்முறை வரலாறு உள்ள திருநங்கைக் கைதியைப் பொதுவாகப் பெண்கள் சிறையில் வைப்பதில்லை என்றது அந்தத் திருத்தம். ஆபத்தில்லை என்று மதிப்பிட்டால் மட்டுமே விலக்கு.

எடின்பரா மையத்தில் கேட்டவருக்கும் எழுதியிருக்கக்கூடிய பதில் இரண்டு வரிதான். உங்களோடு பேசப்போகிறவர் பிறப்பால் பெண், இப்போது தம்மை ஆண், பெண் இரண்டிலும் சேர்த்துக்கொள்வதில்லை. வேறொருவர் வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஏற்பாடு செய்கிறோம்.