சரண் என்னும் ஒரு சொல்



மதீனாவில் முஃமின்கள், "எங்களைக் கவனியுங்கள்" என்னும் பொருளில் நாயகம் (ஸல்) அவர்களிடம் "ராஇனா" என்று கூறுவது வழக்கம். விரோதிகளோ அதே சொல்லைத் திரித்து ஏளனமாக வழங்கினர். அதனால் அச்சொல்லையே விட்டுவிட்டு "உன்ளுர்னா" என்று சொல்லுமாறு திருமறையின் பகரா அத்தியாயம் பணித்தது. ஒரே சொல் இரு கூட்டத்தார் வாயில் இரு பொருளாகும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

பேராக்கில் வாழும் நமக்கு இது புதிதன்று. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்று தொடங்கி 1960 ஜூலை வரை நீடித்ததை அரசாங்கம் "அவசரகாலம்" என்றது. காட்டிலிருந்தோர் "விடுதலைப் போர்" என்றனர். யுத்தம் என்று பெயரிட்டால் தோட்டச் சொத்துக்களுக்கு இன்ஷூரன்ஸ் பணம் கிடைக்காது, அதனாலேயே அப்பெயர் என்பது இன்றும் வழங்கும் பேச்சு. (வியாபாரிகளாகிய நமக்கு இது விளங்காமலா போகும்?) அரசாங்கம் "கொள்ளைக்காரர்" என்றும், 1952 முதல் "கம்யூனிஸ்டு பயங்கரவாதிகள்" என்றும் அழைத்தவர்களே தம்மை விடுதலைப் படையினர் என்றனர். முள்வேலிக்குள் மக்களைக் குடியேற்றிய இடத்தின் பெயர் "புதுக்கிராமம்". கடைக்காரர் உணவு டின்களைத் துளையிட்டே விற்கவேண்டியிருந்தது. காட்டுக்குப் போன அரிசி ஒரு தரப்புக்குக் குற்றம், மறு தரப்புக்குத் தொண்டு.

1955 டிசம்பர் 28, 29 தேதிகளில் கெடாவிலுள்ள பாலிங்கில் துங்கு அப்துல் ரஹ்மான் அவர்களும், சித்தியவானில் பிறந்த சின் பெங்கும் நேருக்கு நேர் அமர்ந்தனர். ஆயுதத்தைக் கீழே வைக்கும் பேச்சு வந்தது. ஆனால் துங்கு கேட்டது சரண். அந்தச் சொல்லையோ சின் பெங் இழிவென மறுத்தார். பேச்சு முறிந்தது. கொலையுண்டோர் குடும்பங்களை எண்ணினால் துங்குவைக் குறைகூற நம் நா எழவில்லை. எனினும் நாடு இன்னும் நாலரை ஆண்டு இரத்தம் சிந்தியது.

இங்கே ஹுதைபிய்யாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒப்பந்தத்தில் "அல்லாஹ்வின் தூதர்" என்று எழுதியதும் குறைஷிகளின் சார்பில் வந்த ஸுஹைல் மறுத்தார். அதை ஏற்றிருந்தால் உம்மோடு போரிட்டிருப்போமா என்றார். அலி (ரலி) அவர்களுக்கு அழிக்கக் கை வரவில்லை. நாயகம் (ஸல்) அவர்களே அழித்து, "அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது" என்று எழுதச் செய்தார்கள். தூதுத்துவம் அதனால் இம்மியும் குறைந்ததா? இரண்டே ஆண்டுகளில் மக்கா திறந்தது.

1989 டிசம்பர் 2ஆம் தேதி தாய்லாந்தின் ஹட்யாயில் சின் பெங்கும் மலேசிய அரசாங்கத்தாரும் கையெழுத்திட்டனர். ஆயுத நடவடிக்கைகளை நிறுத்துவதாக எழுதினார்கள். சரண் என்ற சொல் அதில் இல்லை.