யாருடைய ஓராண்டு?

பிள்ளையை ஓராண்டுக்குப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு, படுக்கையும் அடுப்பும் பொருத்திய வேனில் ஊர் ஊராகச் சுற்றலாமா என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். ஒன்று, 'படிப்பு கெட்டுப்போகும்'. இன்னொன்று, 'உலகமே ஒரு பள்ளிக்கூடம்'. இரண்டுமே சோம்பேறித்தனமான பதில்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. முதலாவது, படிப்பும் பள்ளியும் ஒன்று என்று நினைக்கிறது. இரண்டாவது, முகநூலில் படத்துக்குக் கீழே எழுத மட்டும் பயன்படும்.

என்னோடு வேலை செய்யும் ஓர் அண்ணன் இதைப் பற்றிப் பல மாதங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறார். கிள்ளான்காரர். மகளுக்கு ஒன்பது வயது, தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. பழைய வேன் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். தீபகற்பத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, புக்கிட் காயு ஹீத்தாம் வழியாகத் தாய்லாந்து, பிறகு லாவோஸ். "அவளுக்குப் பத்து வயசு ஒரு தடவைதான் தம்பி வரும்" என்பார். மறுக்க முடியாத வாக்கியம். ஆனால் பத்து வயது வரப்போவது அவளுக்கு. அதை எப்படிச் செலவழிப்பது என்று முடிவெடுப்பவர் அவர். என் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது தெரிவதில்லை. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 2002-இல் 29ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். மலேசியாவில் வசிக்கும் குடிமகன் ஒருவர், ஆறு வயது நிறைந்த தன் பிள்ளையைத் தொடக்கப்பள்ளியில் சேர்க்க வேண்டும். அந்தக் கல்வி முடியும்வரை பிள்ளை அங்கேயே இருக்கவும் வேண்டும். மீறினால் 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அமைச்சர் விலக்கு அளிக்க வழி இருக்கிறது. 'அப்பாவுக்கு ஊர் சுற்ற ஆசை' என்று எழுதிப் போட்டால் கிடைக்குமா என்பது வேறு விஷயம். 'மலேசியாவில் வசிக்கும்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, எல்லை தாண்டிய வேனில் இருப்பவர் எங்கே வசிப்பவர் என்று அண்ணன் ஒருநாள் டீ தாரிக் ஆறும்வரை வாதாடினார். பொறியியல் படித்தவர்களுக்குச் சட்டம் கிடைத்தால் இப்படித்தான் ஓட்டை தேடுவோம்.

அந்தப் பிரிவில் நான் கவனித்தது வேறு. கடமை பெற்றோருக்கு, தண்டனையும் பெற்றோருக்கு. பிள்ளைக்கு அதில் குற்றமும் இல்லை, குரலும் இல்லை.

இந்தக் கட்டாயத்தை நம்மவர்கள் அரசின் அதிகாரமாக மட்டும் பார்க்க முடியாது என்று நினைக்கிறேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளுக்கு வந்த யாழ்ப்பாணத் தமிழர்கள் மிஷன் பள்ளிகளின் ஆங்கிலப் படிப்போடு வந்தார்கள். அலுவலகத்தில் குமாஸ்தா நாற்காலி கிடைத்தது. அந்தப் படிப்பு இல்லாமல் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு லயமும் பால்மரக் காடும் கிடைத்தன. இரு கூட்டமும் பேசியது தமிழ்தான். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்தாக வேண்டும். வைத்தார்கள். ஒரே கொட்டகையில் எல்லா வகுப்பும், ஆசிரியர் என்ற பெயரில் பல இடங்களில் ஒரு கங்காணியோ கிராணியோ. அதிலிருந்தும் பிள்ளைகளை எடுத்துவிடுவதற்கு எப்போதும் ஒரு காரணம் இருந்தது. என் பாட்டி மூன்றாம் வகுப்போடு நின்றவர். தம்பிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அவ்வளவுதான். அவரை நிறுத்தியவர்கள் கொடியவர்கள் இல்லை. அவர்களும் 'பிள்ளை நல்லா இருக்கும்' என்றுதான் நினைத்திருப்பார்கள். பள்ளி கட்டாயம் என்ற சட்டம் அன்று உண்மையிலேயே நடைமுறையில் இருந்திருந்தால், பாட்டிக்காகப் பேச வீட்டுக்கு வெளியே ஓர் ஆள் இருந்திருக்கும்.

இன்று கிள்ளான் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு போகும் லோரிக்காரர் தன் மகனை ஓராண்டு பக்கத்து இருக்கையில் உட்கார வைத்துக் கொண்டுபோனால் நாம் என்ன சொல்வோம்? படிப்பை விட்டவன் என்போம். பையனும் பல ஊர் பார்ப்பான், பல மனிதர்களிடம் பேசுவான், ஓய்விடங்களில் குளித்துச் சாப்பிட்டுத் தூங்குவான். மோட்டார் ஹோம் பிள்ளை செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். ஒருத்திக்கு அது அனுபவம், இன்னொருவனுக்கு அது இடைநிற்றல்.

இதை வெறும் வர்க்கப் பார்வை என்று சொல்லி முடித்துவிடலாம். நான் முதலில் அப்படித்தான் எழுத நினைத்தேன். ஆனால் வித்தியாசம் பார்ப்பவர் கண்ணில் மட்டும் இல்லை. அண்ணனின் மகள் திரும்பி வருவாள். திரும்பி வந்தால் டியூஷன் வைக்கப் பணம் இருக்கிறது, பாரம் நிரப்பத் தெரிந்த அம்மா இருக்கிறார், தலைமையாசிரியரிடம் போய் உட்கார்ந்து பேச அப்பாவுக்குத் தயக்கம் இல்லை. லோரிக்காரரின் மகன் ஒருமுறை இறங்கினால் ஏறுவதற்கான படி அங்கே இருக்காது. ஆக, பயணம் நல்லதா என்பதைவிட, திரும்பும் வழி யாருக்குத் திறந்திருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. நம் தொடக்கப்பள்ளிகளில் வகுப்பில் ஃபெயிலாக்கி உட்கார வைப்பதில்லை, யுபிஎஸ்ஆர் தேர்வும் 2021-இல் ஒழிந்தது. காகிதத்தில் பார்த்தால் திரும்புவது முன்பைவிட எளிது. காகிதத்தில்.

உலக அளவில் இந்த வாழ்க்கைக்கு ரொம்பவும் அறியப்பட்ட உதாரணம் அர்ஜென்டினாவின் சாப் குடும்பம். ஹெர்மானும் கண்டெலாரியாவும் 2000-இல் 1928-ஆம் ஆண்டுக் காரில் கிளம்பி 2022-இல்தான் வீடு திரும்பினார்கள். நான்கு பிள்ளைகளும் வழியில் பிறந்தவர்கள், நான்கு வெவ்வேறு நாடுகளில். பாடம் சொல்லிக் கொடுத்தது பெரும்பாலும் அம்மா. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகள் எதையும் விட்டுவிட்டுக் கிளம்பவில்லை, அவர்களுக்கு ஊர் என்பதே அந்தக் கார்தான். கிள்ளான் சிறுமிக்கு அப்படி இல்லை. பக்கத்து மேசையில் தோழி இருக்கிறாள், தேவாரப் போட்டி இருக்கிறது, சனிக்கிழமை பரதம் இருக்கிறது. அவளிடமிருந்து எடுக்கப்படுவது பாடநூல் மட்டும் இல்லை.

1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு 'விஸ்கான்சின் எதிர் யோடர்' என்ற வழக்கு வந்தது. ஆமிஷ் பெற்றோர்கள் எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டோம் என்றார்கள். மாநிலம் ஆளுக்கு ஐந்து டாலர் அபராதம் விதித்தது. நீதிமன்றம் பெற்றோர் பக்கம் நின்றது, மத சுதந்திரத்தின் பேரில். நீதிபதி டக்ளஸ் மட்டும் ஒரு பகுதியில் மாறுபட்டார். எல்லாரும் பெற்றோரின் உரிமையையும் அரசின் உரிமையையும் எடை போடுகிறீர்கள், அந்தப் பிள்ளையைக் கேட்டீர்களா என்பது அவர் வாதத்தின் சாரம். பிள்ளைக்கு விண்வெளி வீரராகவோ பியானோ கலைஞராகவோ ஆக ஆசை இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து, பிள்ளைக்குத் 'திறந்த எதிர்காலத்துக்கான உரிமை' உண்டு என்று ஜோயல் ஃபைன்பெர்க் ஒரு கட்டுரையில் எழுதினார். பெரியவளானதும் அவளே தேர்ந்தெடுக்க வேண்டிய கதவுகளை இப்போதே நாம் பூட்டிவிடக் கூடாது என்பது அதன் பொருள்.

எனக்கு ஃபைன்பெர்கை விட டக்ளஸைப் பிடிக்கிறது. ஏனென்றால் கதவுக் கணக்கில் பள்ளியும் சுத்தமான ஆள் இல்லை. காலை ஏழரை முதல் பகல்வரை வகுப்பு, பிறகு டியூஷன், இரவு வீட்டுப்பாடம் என்று பதினோரு ஆண்டுகள் ஓடி வந்தவன் நான். எத்தனை கதவுகள் அதில் மூடின என்று எண்ணக்கூட எனக்கு நேரம் இருந்ததில்லை. எதிர்காலத்தைக் காட்டி நிகழ்காலத்தைப் பறிப்பதில் பெற்றோர்கள் கெட்டிக்காரர்கள். அண்ணன் அதை உடைக்கிறார் என்பதால்தான் எனக்கு அவர்மேல் மரியாதை. அவர் நிகழ்காலத்தைக் காட்டி அதையே செய்கிறாரோ என்பதுதான் சந்தேகம்.

இடையில் ஒரு நண்பர், "தமிழ்ப்பள்ளியில ஏற்கெனவே ஆள் குறையுது, இதுல இவர் வேறயா?" என்றார். 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இன்று 530-க்கும் கீழே. 150 மாணவர்களுக்குக் குறைவான பள்ளிகள் குறைந்த மாணவர் பள்ளி என்ற பட்டியலில் போய்விடுகின்றன. கவலை நியாயமானது. ஆனாலும் ஒரு சிறுமியைப் பள்ளியின் கணக்கைத் தாங்கும் தூணாக நிறுத்துவது, அவளைத் தம்பிகளுக்குக் காவலாக நிறுத்துவதிலிருந்து ரொம்ப தூரம் இல்லை. இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை.

ஆக, அண்ணன் போகலாம் என்றே நினைக்கிறேன். திரும்பும் தேதியை இப்போதே எழுதி வைத்துக்கொண்டு, பள்ளிக்கும் கல்வி இலாகாவுக்கும் ஒளிக்காமல் சொல்லிவிட்டு. இதையெல்லாம் அவர் ஒப்புக்கொள்கிறார். மகளையும் கேட்டாராம், குதித்தாளாம். ஒன்பது வயதில் வேனில் தூங்கலாம் என்றால் யார்தான் குதிக்க மாட்டார்கள்?

நான் கேட்டது வேறு. மூன்றாவது மாதம், லாவோஸில் எங்கோ ஓர் ஆற்றோரம், "போதும்பா, நான் ஸ்கூலுக்குப் போறேன்" என்று அவள் சொன்னால்? வேனைத் திருப்புவீர்களா?

"அது எப்படி தம்பி, வேலைய விட்டுட்டு, வீட்ட வாடகைக்கு விட்டுட்டுப் போறோம். ரெண்டு நாள் அழுவா, சரியாயிடும்" என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.