கணக்குக் காட்டாதவருக்குக் காலம் துணை நிற்கலாமா?

ஒருவர் தம் சொத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்து, பலனை மூன்றாமவருக்குக் கொடுக்கச் சொல்கிறார். பொறுப்பாளர் கொடுக்கவில்லை. பல ஆண்டு கழித்து நீதிமன்றம் வரும் பயனாளியைப் பார்த்து "இத்தனை நாள் எங்கே போயிருந்தாய்?" என்று கேட்பது அறமா?

கடன் கொடுத்தவரிடம் அப்படிக் கேட்கலாம். அவருக்குத் தொகை தெரியும், தவணை தெரியும். சாட்சிகள் இறந்து, ரசீதுகள் செல்லரித்த பிறகு எவரையும் வழக்குக்கு இழுப்பது கொடுமைதான். பயனாளியின் நிலை வேறு. சொத்தும் பத்திரமும் கணக்கு நோட்டும் எதிராளியின் பெட்டியில் இருக்கின்றன. நம்பச் சொன்னதால் நம்பியவர் அவர். அந்த நம்பிக்கையைத் தாமதம் என்று எழுதக்கூடாது.

இந்தியாவின் 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் 10ஆம் பிரிவில் இதை ஏற்கிறது. குறிப்பிட்ட நோக்கத்துக்காக ஒப்படைத்த சொத்தைப் பொறுப்பாளரிடமோ அவர் வாரிசுகளிடமோ மீட்கவும் கணக்குக் கேட்கவும் காலக்கெடு இல்லை. விலை கொடுத்து வாங்கியவருக்கு இது பொருந்தாது. அவரிடமிருந்து நிலத்தை மீட்க 12 ஆண்டுகள், அதுவும் விற்பனை தெரியவந்த நாளிலிருந்து. மடாதிபதி பொறுப்பாளர் அல்லர் என்று 1921இல் சென்னை மாகாண வழக்கொன்றில் பிரிவி கவுன்சில் சொல்லிவிட, மடம், கோயில் சொத்துகளுக்கு இந்தக் காப்பு கிடைக்க 1929இல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது.

ஆனால் வெளிப்படையாக நிறுவிய பொறுப்புக்குத்தான் இதெல்லாம். அண்ணன் இறந்தபின் பிள்ளைகளின் பணத்தைத் தம்பி வாய்வார்த்தையில் ஏற்றுக்கொள்ளும் வீடுகள்தான் அதிகம். அங்கே கெடு ஓடுகிறது. 18 வயது நிரம்பியபின் கூடுதலாகக் கிடைப்பது அதிகபட்சம் 3 ஆண்டுகள். வளர்த்த சித்தப்பா மேல் 21 வயதுக்குள் வழக்குப் போட எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? மோசடி நடந்திருந்தால் அது தெரிந்த நாளிலிருந்து கணக்கிடலாம் என்கிறது 17ஆம் பிரிவு. கூடவே, கவனமாக இருந்திருந்தால் தெரிந்திருக்குமே என்றும் கேட்கிறது. குடும்பத்துக்குள் அந்தக் கவனத்துக்குச் சந்தேகம் என்றுதான் பெயர்.

கெடு, கணக்கை ஒப்படைத்த நாளிலிருந்து ஓடட்டும். 1882ஆம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டம் பயனாளி கேட்டால் விவரம் தரச் சொல்கிறது. தனக்கு உரிமை இருப்பதே தெரியாதவர் எப்படிக் கேட்பார்? கேட்காமலே காட்டுவது பொறுப்பாளரின் கடமையாக வேண்டும். நேர்மையானவருக்கு அதனால் நன்மையே: காட்டிய சில ஆண்டுகளில் நிம்மதி. இறந்துபோன பொறுப்பாளரின் மகனிடம் நாற்பது வருட நோட்டுகளைக் கேட்பது கடுமைதான், மறுக்கவில்லை. தகப்பனார் நல்லெண்ணத்தில் செய்த தவறின் நஷ்டத்தை அவன் சுமக்க வேண்டாம். கையில் மிஞ்சியிருக்கும் பிறர் சொத்தை மட்டும், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், திருப்பித் தரட்டும்.