வாயில்லாப் பிராணியும் விளங்காத செவியும்

'வாயில்லா ஜீவன்' என்று விலங்குகளைக் குறிப்பிடுகிறோம். இரக்கத்தோடு சொல்லும் சொல்தான். ஆயினும் அதனுள் ஒரு தீர்ப்பும் ஒளிந்திருக்கிறது. பேசாமை அதன் குறை, அதற்கு நாம் பொறுப்பல்லர் என்பதே அத்தீர்ப்பு.

அரபு மொழி இவ்விடத்தில் வேறொரு வாசலைத் திறக்கிறது. முதுகும் வயிறும் ஒட்டிப்போன ஒட்டகம் ஒன்றைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இத்தகைய பிராணிகளின் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுமாறு எச்சரித்ததாக அபூதாவூதில் ஒரு ஹதீஸ் உண்டு. அங்கே பிராணிகளைக் குறித்து வரும் சொல் 'முஃஜமா'. 'அஜம்' என்பதும் அதே வேரினின்று பிறந்தது. தம் மொழி அறியாதாரை அரபுகள் 'அஜமி' என்றனர். பாரசீகரோ தமிழரோ ஊமையர் அல்லர். அவர்கள் பேசியது அரபியின் செவிக்கு விளங்கவில்லை, அவ்வளவே. அங்ஙனமாயின், விளங்காமை பேசுவோன் குறையா, கேட்போன் குறையா?

இவ்வினா இன்று வீட்டுக் கூடத்திற்கே வந்துவிட்டது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகியவற்றின் வறண்ட நிலங்களுக்குரிய 'லெப்பர்ட் கெக்கோ' என்னும் சிறுத்தைப் பல்லியைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கும் ஆசை உலகெங்கும் பரவியிருக்கிறது. நாய் பசித்தால் குரைக்கும். பூனை காலை உரசும். இப்பல்லியின் மொழியோ பெரும்பாலும் உடலிலேயே இருக்கிறது. அது வாலை உயர்த்தி மெதுவாக அசைப்பது நாயின் வாலாட்டல் போன்ற நட்பன்று. நெருங்காதே என்னும் எச்சரிக்கை. வால் நுனி மட்டும் விரைந்து அதிர்ந்தால், இரையையோ துணையையோ கண்ட கிளர்ச்சி. அந்த வாலே கொழுப்பைச் சேமிக்கும் களஞ்சியம். அது மெலிவது பட்டினிக்கோ நோய்க்கோ அடையாளம். அச்சம் எல்லை மீறினால் வாலையே கழற்றிவிடும்; மீண்டும் முளைப்பது பழைய வாலைப் போன்று இராது. கையில் எடுத்தவுடன் அசையாது கிடந்தால், "எவ்வளவு சாது!" என்று மகிழ்கிறோம், அது அச்சத்தால் உறைந்துபோயிருக்கலாம். வாயோரத்தின் வளைவைக் கண்டு புன்னகை என்கிறோம். அது முகத்தின் அமைப்பு, நோயுற்றபோதும் மாறாது.

பல்லியின் குறிப்பை அறிவது தமிழருக்குப் புதிதன்று. சங்கப் பாடல்களிலேயே பல்லியின் ஒலி நிமித்தமாகக் கொள்ளப்பட்டது. பஞ்சாங்கங்கள் பல்லி விழும் பலனை இன்றும் அச்சிடுகின்றன. பறவை பறந்த திசையைக் கொண்டு நன்மை தீமை கணிக்கும் 'தியரா' அரபுகளிடமும் இருந்தது. இஸ்லாம் அதனை விலக்கியது. சகுனம் பார்ப்பவன், பிராணி தன்னைப் பற்றிப் பேசுவதாக எண்ணுகிறான். அதன் பசியும் பயமும் அவன் கணக்கில் இல்லை. புன்னகை காண்பவனும் அதே தவற்றையே வேறு வடிவில் செய்கிறான். குறிப்பறிதல் வேறு, அது நம்மை விலக்கிவைத்து, எதிரே இருக்கும் உயிரை நோக்குவது.

பல்லியைக் கொல்லச் சொல்லும் ஹதீஸ் இருக்கையில் இவ்வாராய்ச்சி எதற்கு எனச் சிலர் வினவலாம். 'வஸக்' எனும் பல்லியைக் கொல்லுமாறு கூறும் அறிவிப்புகள் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளன. சிறுத்தைப் பல்லி அதில் அடங்குமா என்பதை ஃபிக்ஹு அறிஞர்களிடம் விட்டுவிடுவோம். முதல் அடியிலேயே கொல்வோருக்கு நன்மை மிகுதி, இரண்டாம் அடியில் குறைவு என்கிறது முஸ்லிமின் அறிவிப்பு. ஒரே அடியில் வேதனை குறையும் என்பதும் இதற்கு ஆன்றோர் கூறிய காரணங்களுள் ஒன்று. கொல்ல இடமளித்த இடத்திலும் வதைக்க இடமில்லை எனின், விரும்பி வளர்க்க எடுத்த உயிரை அறியாமையால் நாள்தோறும் வதைக்க இடமேது?

ஒட்டகத்தின் முறையீட்டை விளங்கியது நபியின் முஃஜிஸா, நமக்கு அது ஆகுமா என்று ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. முதுகோடு ஒட்டிய வயிற்றைக் காண முஃஜிஸா தேவையில்லை, கண் போதும். திருப்பூர் ராயபுரத்துப் பனியன் கம்பெனியில் நிட்டிங் இயந்திரம் ஓட்டுபவரைப் பாருங்கள். துணியில் நீளவாக்கில் மெல்லிய கோடு ஒன்று ஓடினால், ஊசி பழுதென்று இயந்திரத்தை நிறுத்திவிடுவார். இயந்திரம் அவரிடம் பேசவில்லை. அவர் கவனிக்கக் கற்றிருக்கிறார். பிழைப்புக்காகத் துணியைப் படிக்கக் கற்ற நாம், ஓர் உயிருக்காக அதன் வாலைப் படிக்கக் கற்றல் அரிதாகுமா?

பிராணி வளர்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. சிறுவர் அபூஉமைர் வளர்த்த குருவியைப் பற்றி நபிகளார் (ஸல்) அன்போடு விசாரித்ததிலிருந்து, அதற்கு அனுமதி உண்டெனச் சட்ட அறிஞர்கள் தெளிந்தனர். ஆனால் பூனையைக் கட்டிவைத்து, உணவும் தராமல், தானே இரைதேட அவிழ்த்தும் விடாத பெண் அதற்காகவே தண்டனைக்குள்ளானதையும் ஹதீஸ்கள் கூறுகின்றன. அடைத்தவன்மீதே பொறுப்பு முழுவதும் விழுகிறது.

2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில், கோலாலம்பூரிலிருந்து வந்த பயணியின் உடைமையில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் பிடிபட்டன. உயிர்களைச் சரக்காக அடைத்துக் கொண்டுவரும் இவ்வணிகம், வாங்குவோரின் ஆசையிலிருந்தே பிறக்கிறது.

ஆகவே பிள்ளைகள் இத்தகைய பிராணியைக் கேட்கும்போது, பெற்றோர் விலையை விசாரிக்குமுன் ஒன்றை விசாரிக்கட்டும்: அதன் அச்சம் எப்படி இருக்கும், பசி எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமா? தெரியாதெனில் முதலில் கற்கட்டும். கற்கப் பொறுமை இல்லையெனில் வளர்க்காதிருப்பதே அவ்வுயிருக்கு அவர்கள் செய்யும் கருணை. பூமியில் ஊர்வனவும் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று திருக்குர்ஆனின் ஆறாம் அத்தியாயம் அறிவிக்கிறது. நம்மைப் போன்ற ஒரு சமுதாயத்தின் மொழி நமக்குத் தெரியாது என்பது, அதைத் துன்புறுத்த நமக்குக் கிடைத்த உரிமைச் சீட்டன்று.