சூடாக இருக்க வேண்டிய குழாய்

கம்பெனியிலிருந்து வண்டியோடு வரும் ஷாக் அப்சார்பர் எத்தனை கிலோமீட்டர் உழைக்கும்? பிக்கப் போன்ற சிறிய வண்டிகளுக்கு 80,000 கிலோமீட்டர் என்பது தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. நெடுந்தூரம் ஓடும் கனரக லாரிகளுக்கு அமெரிக்காவில் 1,50,000 மைல் என்பார்கள். நம் கணக்கில் சுமார் 2,40,000 கிலோமீட்டர். நாமக்கல்லில் முட்டை லோடு ஏற்றி, 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே போகிற வண்டிக்கு இது ஓரளவு பொருந்தலாம். கல் குவாரிக்குள் ஏறி இறங்கும் டிப்பர் இதை நம்பி ஓட முடியாது. மீட்டர் எண்ணுவது சக்கரம் சுற்றிய தூரத்தை. ஷாக் அப்சார்பர் குழாய்க்குள் இருக்கும் எண்ணெய்க்குத் தூரம் தெரியாது. எத்தனை முறை, எவ்வளவு வேகமாகப் பிதுக்கப்பட்டது என்பதுதான் அதன் வயது.

சக்கரம் பள்ளத்தில் விழும்போது அடியை வாங்குவது ஸ்பிரிங் பட்டை. வாங்கியதை அது வைத்துக்கொள்ளாது, திருப்பித் தள்ளிவிடும். தடுக்க ஆளில்லாவிட்டால் ஒரே பள்ளத்துக்கு வண்டி பல முறை ஆடும். ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் பிஸ்டன், சின்னச் சின்னத் துளைகள் வழியாக எண்ணெயைப் பிதுக்கி அந்த ஆட்டத்தை வெப்பமாக மாற்றுகிறது. வெப்பம் காற்றோடு போய்விடுகிறது. அடுக்குப் பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதே ஆட்டத்தை ஓரளவு அடக்கும் என்பதால், நம் ஊர்க் கனரக லாரிகள் பலவற்றில் பின் அச்சுக்கு ஷாக் அப்சார்பர் கிடையாது. முன்னால் இருக்கும் இரண்டும்தான் டிரைவரின் முதுகுக்குக் காவல்.

அவை வேலை செய்கின்றனவா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. ஓடி வந்து நின்ற வண்டிக்கு அடியில் குனிந்து, குழாயின் கீழ்ப்பகுதியைத் தொட்டால் போதும். "கைய வெச்சுப் பாருங்ணா. இந்தப் பக்கம் சுடுது, அந்தப் பக்கம் சும்மா தொங்கீட்டிருக்குது" என்பார் பட்டறைக்காரர். சுடுகிற குழாய் உழைக்கிறது. சேஸிஸ் அளவுக்கே குளிர்ந்து கிடப்பது உழைப்பை நிறுத்திவிட்டது. ஆயில் சீல் கிழிந்து எண்ணெய் வழிந்திருந்தால் கண்ணாலேயே தெரிந்துவிடும். உள்ளே வால்வு மட்டும் தேய்ந்திருந்தால் வெளியே ஓர் அடையாளமும் இராது.

எனக்குப் பெரிதாகப் படுவது இந்தக் கடைசி வகைதான். பிரேக் போனால் அன்றைக்கே தெரியும், பெல்ட் அறுந்தால் வண்டி நின்றுவிடும். ஷாக் அப்சார்பரோ ஒருநாளும் வண்டியை நிறுத்துவதில்லை. நேற்றைவிட இன்று தளர்ந்தது கடுகளவுகூட இல்லை. தினமும் ஓட்டுகிற டிரைவரின் உடம்பு அந்தத் தளர்ச்சிக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டே வருகிறது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறார், வளைவில் கொஞ்சம் முன்னதாகவே வேகத்தைக் குறைக்கிறார். மாற்று டிரைவர் ஒருவர் ஏறி உட்கார்ந்தால் பத்து கிலோமீட்டருக்குள், "என்னங்ணா வண்டி இப்படித் தூக்கிப் போடுது?" என்று கேட்டுவிடுவார். பழகியவருக்குத் தெரியாதது புதியவருக்கு உடனே தெரிகிறது. வண்டியைப் பற்றி அதிகம் தெரிந்தவரிடம் கேட்டால் சரியான பதில் கிடைக்கும் என்று நாம் நம்பியிருப்பது இங்கே செல்லாது.

ஷாக் அப்சார்பர் விட்ட வேலை அத்தோடு மறைவதில்லை. அது வெப்பமாக்கி வெளியேற்றாத ஆட்டத்தை வேறு யாராவது வாங்கித்தான் ஆக வேண்டும். முன் டயர் திட்டுத் திட்டாகத் தேய்கிறது. சக்கரம் தரையை விட்டுவிட்டுத் தொடுவதால் பிரேக் பிடித்தாலும் வண்டி கூடுதல் தூரம் போய்த்தான் நிற்கிறது. அட்டையில் அடுக்கிய முட்டை விரிசல் விடுகிறது. சாலையும் வாங்குகிறது. அச்சுச் சுமை கூடினால் சாலைச் சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்கில் கூடும் என்ற கணக்கு, 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளை ஓட்டிப் பார்த்த சோதனையிலிருந்து வந்தது. பத்தில் ஒரு பங்கு கூடுதல் சுமைக்குச் சேதம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. குதிக்கிற சக்கரம் தரையில் விழும் அந்தக் கணத்தில், எடைமேடைச் சீட்டில் இல்லாத சுமை சாலைமீது இறங்குகிறது. சாலையைக் கெடுக்காத சஸ்பென்ஷன் எது என்று ஐரோப்பியச் சமூகம் 1992இல் வரையறுத்தபோது, ஆட்டத்தை அடக்குவதில் குறைந்தது பாதி ஷாக் அப்சார்பரின் பங்காகவே இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. ஒருவரின் லாரிக்கு அடியில் இருக்கும் பொருள்தான், ஆனால் அதன் பலனில் பாதி ஊருக்குச் சொந்தம்.

தேய்ந்த டயருக்குப் பில் வரும். உடைந்த முட்டைக்கு வாடகையில் பிடித்தம் இருக்கும். சாலைக்கு ஒருநாள் டெண்டர் விடுவார்கள். டிரைவரின் இடுப்புக்கு இப்படி ஒரு கணக்குப் புத்தகம் எங்கேயும் இல்லை. வலி மாத்திரையை அவர் தன் பேட்டாவில் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். "இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்" என்று முதலாளி சொல்லும்போது, அந்தக் கொஞ்ச நாளை ஓட்டித் தரப்போவது யாருடைய முதுகெலும்பு என்பதையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். ஒவ்வொரு சர்வீஸிலும் குழாயைத் தொட்டுப் பார்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை. ஒன்று குளிர்ந்திருந்தால் அந்த அச்சின் இரண்டையுமே மாற்றிவிட வேண்டும், மீட்டர் என்ன காட்டினாலும்.