கமராவின் சாட்சியமும் கலைஞனின் வாய்மையும்

பொய்யென்று அறிந்துகொண்டே ஒன்றைப் பார்த்துக் கண்ணீர் விடும் இயல்பு மனிதனுக்கு உண்டு. நாடக அரங்கும் திரைப்படமும் இவ்வியல்பின் மீதே கட்டப்பட்டுள்ளன. கலையில் பொய்த்தோற்றம் இடம்பெறலாமா என்ற வினா பிளேற்றோ காலம் முதலாகக் கேட்கப்பட்டு வருவது. அதற்கு முழுமையான விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதனினும் குறுகியதோர் வினாவையே ஈண்டு ஆராய முற்படுகின்றோம். கமராவின் முன்னிலையிலேயே நிகழ்த்தப்பட்டு, அக்கணத்திலேயே பதிவாகும் மாயத்தோற்றம், பின்னர் கணினியில் ஒட்டிச் சேர்க்கப்படும் மாயத்தோற்றத்தைக் காட்டிலும் நேர்மையானதா? ஆம் எனின், அந்நேர்மை எத்தகையது? யாருக்கு உரியது?

இவ்வினா இன்று எழுவதற்குக் காரணம் உண்டு. 1990களில் கணினி வரைகலை வளர்ச்சியடைந்தது முதலாக, ஹொலிவூட்டின் பெரும் படங்களிலே நடிகர்கள் பச்சை அல்லது நீல நிறத் திரையின் முன் நின்று நடிப்பது பெருவழக்காயிற்று. அந்நிறம் பின்னர் நீக்கப்பட்டு, அவ்விடத்தில் மலையோ, கடலோ, வேற்றுக் கிரகமோ பொருத்தப்பட்டது. 2019 நவம்பரில் வெளிவரத் தொடங்கிய 'த மண்டலோரியன்' என்னும் தொடர் வேறொரு வழியைப் பரவலாக அறியச் செய்தது. அதன் படப்பிடிப்புக் கூடத்தில் ஏறத்தாழ 20 அடி உயரமும் 75 அடி விட்டமும் உடையதாக, 270 பாகை வளைந்து நின்ற எல்.ஈ.டி. ஒளிச்சுவர் ஒன்று அமைக்கப்பட்டது. கணினி விளையாட்டுக்களுக்கென உருவான மென்பொருளைக் கொண்டு அச்சுவரிலே பாலைநிலமும் வானமும் காட்டப்பட்டன. கமரா நகருந்தோறும் அதன் நிலையைக் கருவிகள் கணித்தறிய, சுவரிலுள்ள காட்சியும் அதற்கேற்ப இடம்பெயர்ந்தது. அண்மையிலுள்ள பாறை விரைந்தும், தொலைவிலுள்ள மலை மெல்லவும் நகர்ந்தன. கதாநாயகன் அணிந்த பளபளப்பான உலோகக் கவசத்தில் அவ்வானம் பிரதிபலித்தது. பச்சைத் திரையாயின் அக்கவசத்தில் பச்சை நிறமே படிந்திருக்கும்.

அடுத்த ஆண்டு பரவிய கொவிட் பெருந்தொற்று, படக்குழுவினர் நாடுவிட்டு நாடு செல்வதைத் தடுத்தபோது இம்முறைக்கான தேவை மேலும் பெருகியது. ஐரோப்பாவின் பல்வேறு இடங்களில் படமாக்க எண்ணப்பட்ட '1899' என்னும் ஜேர்மன் தொடர், பொட்ஸ்டாம் நகரின் பாபெல்ஸ்பேர்க் கலையகத்தில் எழுப்பப்பட்ட ஒளிச்சுவரின் நடுவே படமாக்கப்பட்டு 2022இல் வெளிவந்தது. ஒளிச்சுவரை ஆக்குவோர், மென்பொருளை விற்போர், கூடங்களை வாடகைக்கு விடுவோர் எனப் புதியதோர் சந்தையே தோன்றி வளர்ந்து வருகின்றது. அச்சந்தையில் விலைபோவது கருவி மட்டுமன்று என்பது நம் கவனத்துக்குரியது. 'இது கமராவிலேயே எடுக்கப்பட்டது' என்னும் கூற்றும் விளம்பரப் பொருளாகின்றது. அதாவது, மாயத்தோடு சேர்த்து மெய்ம்மை என்னும் நற்பெயரும் விற்கப்படுகின்றது. அறவியல் நோக்கு வேண்டப்படுவது இவ்விடத்திலேயே ஆகும்.

கமராவினுள் நிகழ்வது நேர்மையானது என்னும் எண்ணத்தை வரலாறு எளிதில் ஆதரிப்பதாக இல்லை. 1895 டிசம்பர் 28ஆம் நாள் பரிஸ் நகரில் லூமியேர் சகோதரர் தமது அசையும் படங்களைக் காட்டியபோது பார்வையாளருள் ஒருவராக இருந்தவர் ஜோர்ஜ் மெலியே. அவர் தொழிலால் மேடைச் செப்படிவித்தைக்காரர். பரிஸ் வீதியொன்றைப் படம்பிடிக்கையில் கமரா சிறிது நேரம் சிக்கி நின்றதாகவும், படத்தைத் திரையிட்டபோது பயணிகள் வண்டியொன்று பிரேத வண்டியாக மாறக் கண்டதாகவும் அவரே பிற்காலத்தில் கூறினார். கமராவை நிறுத்திப் பொருளை மாற்றுதல், எடுத்த சுருளையே பின்னோக்கிச் சுற்றி அதன்மீது மீண்டும் படம்பிடித்தல் முதலான உத்திகளால் அவர் எண்ணற்ற மாயங்களைப் படைத்தார். 1902இல் வெளியான 'சந்திரனுக்கு ஒரு பயணம்' அவற்றுள் புகழ்பெற்றது. திரைப்பட மாயம் பிறந்த வீடே கமராவின் உட்புறந்தான் என்பது இதனாற் பெறப்படும்.

இன்னுமோர் எடுத்துக்காட்டு நோக்கத்தக்கது. 1927இல் வெளியான 'மெட்ரோபொலிஸ்' படத்தின் வானளாவிய நகரத்துக்காக ஒய்கன் ஷுஃப்டான் என்பார் கையாண்ட முறை மிக எளிமையானது. கமராவின் முன் ஒரு கண்ணாடியை 45 பாகையிற் சரித்து வைத்து, அதன் பின்புற இரசப் பூச்சின் ஒரு பகுதியை அவர் சுரண்டி நீக்கினார். பூச்சு நீங்கிய இடத்தினூடாக அப்பால் நின்ற நடிகர் தெரிந்தனர். பூச்சு எஞ்சிய இடத்திலே பக்கத்தில் வைக்கப்பட்ட சிற்றுரு மாதிரி பிரதிபலித்தது. இரண்டும் ஒரே காட்சியாய்ப் பதிவாயின. இதுவும் பாபெல்ஸ்பேர்க் கலையகத்திலேயே நிகழ்ந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே ஊரில் எழுந்த ஒளிச்சுவர், கருவியளவில் புதியதேயொழியக் கருத்தளவில் அக்கண்ணாடியின் வழித்தோன்றலே எனலாம்.

அவ்வாறாயின் கமராவிற் பதிவாவதற்குத் தனிமதிப்பு அளிக்கும் எண்ணம் எங்கிருந்து வந்தது? பிரெஞ்சுத் திறனாய்வாளர் அந்திரே பஸான் 1945இல் எழுதிய கட்டுரையொன்று இதற்கு விளக்கம் தருகின்றது. ஓவியம் ஓவியனின் மனத்தினூடாக வருவது. ஒளிப்படமோ, விரலடையாளம் விரலினின்று வருதல்போல, பொருளினின்றே நேரடியாக வருவது. பொருள் அங்கே இருந்தது என்பதற்கு அதுவே சான்று. இக்கருத்தின் வலிமையை மறுத்தல் அரிது. இறந்துபோன ஒருவரின் ஒளிப்படத்தைக் கையிலெடுக்கும் எவரும் அதனை உணர்வர்.

ஆயினும், ஒளிச்சுவரின் முன் இவ்வாதம் விசித்திரமானதோர் இடரை எதிர்கொள்கின்றது. கவசத்திற் பட்ட ஒளி மெய்யானது. கமரா அதனை உள்ளவாறே பதிந்தது. ஆனால் அவ்வொளி புறப்பட்ட பாலைநிலம் அங்கு இல்லை. அது ஒரு படமே. நீதிமன்றத்தில் ஒரு சாட்சி தான் கேட்டதைக் கூட்டாமற் குறைக்காமற் கூறுகின்றான் எனக் கொள்வோம். அவன் கேட்டதோ பிறர் சொன்ன கதை. அவன் பொய்யன் அல்லன். ஆயினும் அவனது சாட்சியத்தால் நிகழ்ச்சி நிறுவப்படுவதில்லை. ஒளிச்சுவரின் முன் நிற்கும் கமராவும் அத்தகைய செவிவழிச் சாட்சியே. எனவே, பதிவின் நேர்மை வேறு, பதிவான பொருளின் மெய்ம்மை வேறு என்னும் முடிவுக்கு நாம் வரவேண்டியுள்ளது. பார்வையாளரைப் பொறுத்தவரையில், ஒளிச்சுவரும் பச்சைத் திரையும் ஏறத்தாழ ஒரே தரத்தனவே.

இதனாற் பார்வையாளர் ஏமாற்றப்படுகின்றனர் என்று கூறலாமா? கூறுதல் பொருந்தாது. நமது கூத்துக்களரியில் நடிகன் ஒருமுறை சுற்றிவந்து வேறொரு நாட்டை அடைந்துவிடுகின்றான். அவையோர் எவரும் அதனைப் பொய்யென்று ஆட்சேபிப்பதில்லை. ஆட்டுவோனுக்கும் காண்போனுக்குமிடையே எழுதப்படாத உடன்பாடு ஒன்று உண்டு. அவ்வுடன்பாட்டுக்குள் நிகழும் வரை தோற்றம் வஞ்சனையாவதில்லை. திரைக்கதைப் படத்துக்கும் இது பொருந்தும்.

அங்ஙனமாயின் கமராவின் முன் நிகழும் மாயத்துக்குச் சிறப்பு யாதும் இல்லையா? உண்டு என்பதே எமது கருத்து. ஆனால் அது திரைக்கு இப்பாலன்றி அப்பாலே உள்ளது. ஒரே கதையுலகை ஒரே இயக்குநர் இருமுறை படமாக்கிய சந்தர்ப்பம் ஒன்று இதனைத் தெளிவாக்கும். பீற்றர் ஜாக்சன் 2001இல் வெளியிட்ட 'த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' முதற்படத்தில், மந்திரவாதி கன்டால்ஃப் நெடியவனாகவும் அவனோடு உரையாடும் பாத்திரம் குறியவனாகவும் தோன்றவேண்டும். பல காட்சிகளில் ஒருவரைக் கமராவுக்கு அருகிலும் மற்றவரைத் தொலைவிலும் இருத்தி, இருவரும் ஒரே மேசையில் இருப்பதுபோற் காட்டினர். நடிகர் இருவரும் ஒரே கூடத்தில் இருந்தனர். ஒருவரது குரலுக்கு மற்றவர் மறுமொழி கூறினர். 2012இல் வெளியான 'த ஹொபிற்' முப்பரிமாணப் படமாக எடுக்கப்பட்டது. ஒற்றைக் கண்ணுக்குச் சொல்லத்தக்க பொய்யை இரட்டைக் கண்ணுக்குச் சொல்லுதல் இயலாது. இரண்டு வில்லைகளும் தொலைவைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே கன்டால்ஃபாக நடித்த இயன் மக்கெலன் தனியே பச்சைக் கூடமொன்றில் நின்று, எதிரில் இல்லாதவர்களோடு பேச நேர்ந்தது. அதனைத் தாங்கமாட்டாது தாம் அழுததைப் பின்னர் அவரே வெளிப்படையாகக் கூறினார்.

எழுபது வயதைக் கடந்த, மேடையிற் பழுத்த ஒரு கலைஞரின் அக்கண்ணீரில் எமது வினாவுக்கான விடையின் ஒரு பாதி உள்ளது. கமராவின் முன் நிகழும் மாயம், அதனை ஆக்குவோரை ஓரிடத்தில் ஒருங்குசேர்க்கின்றது. நடிகன் தான் எதைக் கண்டு அஞ்சுகின்றான் என்பதை அறிகின்றான். ஒளிப்பதிவாளர் தாம் செய்வதன் விளைவை அப்பொழுதே காண்கின்றார். இயக்குநர் தமது முடிவை அன்றே எடுத்து, அதற்குப் பொறுப்பேற்கின்றார். ஒளிச்சுவரில் விடியற்பொழுது என்று தீர்மானித்தபின் அதனை அந்தியாக்குதல் எளிதன்று. 'பின்னர் பார்த்துக்கொள்ளலாம்' என்னும் மனப்பாங்குக்கு அங்கு இடம் குறைவு.

அம்மனப்பாங்கின் சுமையைத் தாங்குவோர் யார் என்பது விடையின் மறுபாதி. புதுச்சேரியிலே தொடங்கும் கதையைக் கொண்ட 'லைஃப் ஒஃப் பை' படத்தின் புலி, பெரும்பாலான காட்சிகளிற் கணினிக் கலைஞரின் படைப்பே. 2013 பெப்ரவரியில் அப்படம் காட்சி விளைவுகளுக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. அதே மாதத்தில், அப்புலியை உருவாக்கிய ரிதம் அன்ட் ஹியூஸ் நிறுவனம் வங்குரோத்து நிலையை அறிவித்திருந்தது, பலர் வேலையிழந்தனர். விருது மண்டபத்துக்கு வெளியே காட்சி விளைவுக் கலைஞர்கள் ஆர்ப்பாட்டம் செய்தனர். முடிவுகள் மாறுந்தோறும் கூடும் வேலையைக் குறித்த விலைக்குள் செய்து முடிக்க வேண்டிய ஒப்பந்தமுறை, இத்தொழிலின் நெருக்கடிக்கான காரணங்களுள் ஒன்றாகச் சுட்டப்பட்டது.

ஒளிச்சுவர் இக்குறையைத் தீர்த்துவிடும் என்று கருதுவதும் பேதைமையே. சுவரிற் காட்டப்படும் உலகத்தை யாரோ பல மாதங்கள் இருந்து வரைந்திருக்கின்றனர். வேலை மறைந்துவிடவில்லை, படப்பிடிப்புக்குப் பின்னிருந்து முன்னுக்கு நகர்ந்துள்ளது. பல காட்சிகள் அதன்பின்னும் திருத்தம் பெறுகின்றன. இந்நிலையில் 'கணினி வேலை இல்லை. யாவும் கமராவின் முன் நிகழ்ந்தவை' என்னும் விளம்பரம் பார்வையாளனுக்கு இழைக்கும் தீங்கு சிறிது. பெயரற்றுப்போகும் தொழிலாளிக்கு இழைக்கும் தீங்கோ பெரிது. 2022இல் வந்த 'டொப் கன்: மவெரிக்' படத்தின் நடிகர்கள் போர்விமானங்களில் உண்மையாகவே பறந்தனர் என்பது பெரிதும் பேசப்பட்டது, அது மெய்யே. ஆயின், அதே படம் காட்சி விளைவுகளுக்கான ஒஸ்கார் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது என்பதைப் பேசியோர் சிலரே.

மறுபுறத்தில், மெய்யாகவே நிகழவேண்டும் என்னும் வேட்கைக்கும் ஓர் எல்லை உண்டு. 1982 ஜூலையில் 'டுவைலைட் ஸோன்' திரைப்படத்துக்கான இரவுப் படப்பிடிப்பில், வெடிகளின் நடுவே தாழப் பறந்த ஹெலிகொப்டர் வீழ்ந்து நடிகர் விக் மொரோவும் இரு சிறுவரும் உயிரிழந்தனர். அச்சிறுவர் தொழிற்சட்டங்களுக்கு மாறாக அமர்த்தப்பட்டிருந்தனர். அன்று கமராவின் முன் இருந்தவை மெய்யான நெருப்பும் மெய்யான விமானமுமே. அத்தகைய மெய்ம்மையை எந்த அறமும் வேண்டி நிற்காது. அங்கே பொய்த்தோற்றமே அறமாகியிருக்கும்.

வாய்மை யாதென்ற வினாவுக்கு வள்ளுவர் தந்த விடை ஈண்டு நினைவுகூரத்தக்கது. சொல்லுக்கும் பொருளுக்குமுள்ள பொருத்தத்தை அவர் முதல் அளவுகோலாகக் கொள்ளவில்லை. பிறர்க்குத் தீங்கு விளையாமையையே அளவுகோலாக்கினார். திரைமாயத்துக்கும் இவ்வளவுகோலே பொருந்தும் என்று துணியலாம். ஒரு தோற்றம் கமராவின் உள்ளே பிறந்ததா, வெளியே பிறந்ததா என்பதைக் கொண்டு அதன் நேர்மையை நிறுத்தல் ஆகாது. அதனை ஆக்கியவர்கள் ஒருவரையொருவர் காணும் நிலையில் வைக்கப்பட்டனரா, அவர்தம் உழைப்பும் உயிரும் மதிக்கப்பட்டனவா, அவர்தம் பெயர் மறைக்கப்படாது சொல்லப்பட்டதா என்பவற்றைக் கொண்டே நிறுத்தல் வேண்டும். ஒளிச்சுவர் மதிக்கத்தக்கதாயின், அது கலைஞரை ஒன்றுசேர்ப்பதனாலேயே ஆகும். நமக்கு மெய்யைக் காட்டுவதனால் அன்று.

படம் முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதும் நாம் எழுந்து வெளியேறிவிடுகின்றோம். கமரா அளிக்கத் தவறிய சாட்சியம் அப்பட்டியலிலேதான் எழுதப்பட்டிருக்கின்றது. அதனை இருந்து படித்தல் சிறு செயலே. ஆயினும் வாய்மையைப் பேணும் கடமையில் பார்வையாளருக்குரிய பங்கு அங்கிருந்தே தொடங்குகின்றது.