குப்பைமேட்டில் பிறந்த விலை

மதிப்பு என்பது பொருளிலேயே உள்ளதா, அன்றி அதனை விரும்புவோர் உள்ளத்தில் உள்ளதா? பொன்னையும் நிலத்தையும் மட்டுமே எடுத்துக்காட்டாகக் கொள்வதால் இவ்வினாவிற்கு விடை எளிதென நாம் எண்ணிவிடுகிறோம். பொன்னுக்குப் பயனும் உண்டு, அருமையும் உண்டு. இவ்விரண்டும் இல்லாத ஒரு பொருளை முன்வைத்தால்தான் வினா கூர்மை பெறும். அத்தகைய பொருளொன்று அமெரிக்க நாட்டில் மண்ணைத் தோண்டி எடுக்கப்பட்டது. அது நம் வீட்டுப் பிள்ளைகள் நன்கறிந்த வீடியோ கேம் உலகைச் சேர்ந்தது.

அட்டாரி நிறுவனம் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கருவியொன்றை 1977-இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. ஒவ்வொரு விளையாட்டும் கார்ட்ரிட்ஜ் எனப்படும் உள்ளங்கையளவு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடங்கியிருக்கும். 1982-இல் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' திரைப்படம் பெருவெற்றி பெறவே, அட்டாரி பெருந்தொகை கொடுத்து அதன் உரிமையை வாங்கியது; கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் விளையாட்டு கடைக்கு வந்தாக வேண்டும் என்றும் முடிவு செய்தது. பல மாதங்கள் பிடிக்கும் அப்பணியை ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்பவர் ஏறத்தாழ ஐந்தே வாரங்களில் முடித்துக் கொடுத்தார். வேற்றுலகிலிருந்து வந்த உயிரொன்று, தன் இருப்பிடத்தோடு பேசுவதற்குரிய தொலைபேசியின் மூன்று துண்டுகளைக் குழிகளில் இறங்கித் தேடுவதே ஆட்டம். ஆடியவர்களோ திரும்பத் திரும்பக் குழியில் விழுந்து சலிப்புற்றனர். பல லட்சம் பிரதிகள் விலைபோகவில்லை. பிற விளையாட்டுகளும் அளவின்றிக் குவிந்து கிடந்த காலம் அது. 1983-இல் அட்டாரிக்கு 50 கோடி டாலருக்கும் மேல் நட்டம் ஏற்பட்டது.

அவ்வாண்டு செப்டம்பரில் டெக்சஸ் மாநிலத்து எல் பாசோவிலிருந்து லாரி லாரியாகச் சரக்கு சென்றது. நியூ மெக்சிகோவின் அலமொகோர்டோ நகரக் குப்பைமேட்டில் அவற்றைப் புதைத்து, மேலே சிமெண்டுக் கலவையையும் ஊற்றினர். குழியில் விழும் விளையாட்டு குழிக்கே போய்ச் சேர்ந்ததை வினைப்பயன் எனச் சொல்லத் தோன்றும். உயிரற்ற பிளாஸ்டிக்குக்கு வினை ஏது?

2014 ஏப்ரல் 26 அன்று, ஆவணப்படம் ஒன்றிற்காக அக்குழியைத் தோண்டினர். புதைக்கப்பட்டவை 7,28,000 என்றார் அன்று அப்பணியை மேற்பார்த்த அதிகாரி. வெளியே எடுத்தவை 1,300 அளவே. அவற்றுள் பல வேறு விளையாட்டுகள். நகராட்சி அவற்றில் 880-க்கு மேற்பட்டவற்றைச் சான்றிதழோடு விற்றதில் ஒரு லட்சத்து ஏழாயிரம் டாலருக்கு மேல் திரண்டது. 'ஈ.டி.' பிரதியொன்று மட்டும் 1,535 டாலருக்குப் போயிற்று.

நாம் நின்று எண்ண வேண்டிய இடம் இதுவே. அழுக்கின்றி, இன்றும் ஆடத்தக்க நிலையிலுள்ள அதே கார்ட்ரிட்ஜ் பழம்பொருள் விற்போரிடம் சில டாலர்களுக்குக் கிடைக்கும். நசுங்கி, நாற்றமேறி வந்ததற்கோ நூறு மடங்கு விலை! வாங்கியவர் வாங்கியது எதை? வரலாற்றை என்பர். அவ்விடையில் நியாயம் இல்லாமலில்லை. வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகமும் ஒன்றைப் பெற்றுக் காத்து வருகிறது. ஆயினும் பலர் காணக் காப்பதும், பிறரிடம் இல்லாதது தன்னிடம் உள்ளதென மகிழ்வதும் ஒன்றாகா. பின்னதில் பொருள் ஒரு சாக்கு மட்டுமே, பற்றுதான் சரக்கு. பொருள் வரைந்து வாழும் இல்லறத்தார் நிலத்தையும் பொன்னையும் எண்ணி அளவிட்டுக்கொள்கிறோம். குப்பைமேட்டுக் கார்ட்ரிட்ஜை எந்தக் கணக்கில் எழுதுவது? எடையும் பயனும் நோக்கினால் ஒன்றுமில்லை. மயக்கத்தை நோக்கினால் ஒரு வேலி நிலத்திற்கும் மிஞ்சக்கூடும்.

இதில் நம்மை இன்னும் வருத்துவது வேறொன்று. உலகிலேயே மோசமான விளையாட்டைச் செய்தவர் என்று வார்ஷாவைப் பல்லாண்டுகள் எள்ளினர். முன்னரே அவர் செய்த 'யார்ஸ் ரிவெஞ்ச்' நன்கு விற்றதை ஒருவரும் நினைக்கவில்லை. கால அவகாசம் தராது ஆணையிட்டவர்களையும் அளவு மீறி உற்பத்தி செய்தவர்களையும் விட்டு, பழி ஒருவர் தலையில் ஏறியது. பிறகு அந்த இகழ்ச்சியே விலையாயிற்று. மோசமானது என்ற பெயர் இல்லையேல் 1,535 டாலர் ஏது? எள்ளியபோதும் ஏலம் கேட்டபோதும் அந்த ஐந்து வார உழைப்பு மாறவில்லை.

வார்ஷா பின்னாளில் அத்தொழிலை விட்டு, மனநல ஆலோசகரானார். 2014-இல் குழி தோண்டப்பட்டபோது அவரும் அங்கே வந்திருந்தார். தாம் செய்தது மண்ணிலிருந்து வெளிவரக் கண்டு நெகிழ்ந்தார்.